குதித்தாரா, இறங்கினாரா, இறக்கினார்களா? பாராசூட் பற்றி எழுத வருகிறவர்களுக்கு

நீலகிரியிலிருந்து செய்தியோ பேட்டியோ மொழிபெயர்ப்போ எழுதத் தொடங்குகிறவர் கைக்குப் பாராசூட் என்ற சொல் சீக்கிரமே வந்து சேரும். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கிறது; முப்படை அதிகாரிகளும் படிக்கும் பணியாளர் கல்லூரி இருக்கிறது. குன்னூர், அருவங்காடு, கோத்தகிரி வட்டாரத்தில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் ஏராளம். நினைவு நாள், பேட்டி, இரங்கல் குறிப்பு என்று ஏதோ ஒன்றில் 'அவர் பாராசூட்டில்...' என்று வாக்கியம் ஆரம்பித்துவிடும். ஆரம்பிப்பது சுலபம். முடிக்கிற வினையில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

தடுமாற்றத்துக்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் பாராசூட் பெயர்ச்சொல்லும் ஆகும், வினைச்சொல்லும் ஆகும். ஆள் தானாகக் குதித்தாலும், படை அவரை இறக்கினாலும், அரிசி மூட்டை கீழே வந்தாலும், வெளியூர்க்காரரைக் கொண்டுவந்து தொகுதியில் நிறுத்தினாலும் அந்த ஒரே வினையை வைத்து ஓட்டிவிடுவார்கள். தமிழில் அப்படி ஒரு வினை கிடையாது. 'வீரர்கள் பாராசூட் செய்தனர்' என்று எந்திர மொழிபெயர்ப்பு தருவதை அப்படியே ஒட்டினால், வீரர்கள் உட்கார்ந்து பாராசூட் தைத்தார்கள் என்றுதான் படிப்பவருக்குப் படும்.

நம்மிடம் குதி, இறங்கு, இறக்கு, போடு, விரி, வெளியேறு என்று ஒரு கை நிறைய வினைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் என்ன நடந்தது என்பதோடு, யார் முடிவெடுத்தது, யார் பொறுப்பு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். எனவே இங்கே வினையை அகராதியிலிருந்து எடுக்க முடியாது. நடந்ததை விசாரித்து எடுக்க வேண்டும்.

முதல் வேலை: பெயரும் வேற்றுமையும்

பாராசூட் என்று எழுதுவதே இன்று எல்லோருக்கும் புரியும். பாராஷூட் என்றும் எழுதுகிறார்கள். எதை எடுத்தாலும் கட்டுரை முழுக்க ஒன்றையே எழுதுங்கள். வான்குடை என்ற தமிழ்ச் சொல் அழகானது. தலைப்பிலும் சிறுவர் பக்கத்திலும் நன்றாக உட்காரும். ஆனால் ஓய்வுபெற்ற ஒரு ஹவில்தாரின் பேட்டியில் அவர் வாயில் அந்தச் சொல்லை வைத்தால் ஒட்டாது. பிரெஞ்சு மொழியில் வீழ்ச்சியைத் தடுப்பது என்ற பொருளில் பிறந்த சொல் இது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கப்பட்டது. தமிழ்ப் பெயர் வடிவத்தைப் பார்த்து வைத்தது, பிரெஞ்சுப் பெயர் வேலையைப் பார்த்து வைத்தது.

உருபு சேரும்போது டிக்கெட், பாக்கெட் போலவே ட் இரட்டிக்கும்: பாராசூட்டை, பாராசூட்டில், பாராசூட்டோடு, பாராசூட்டின். 'பாராசூடில்' என்று எழுதுவது பிழை.

பிழைகளில் மிகப் பெரியது உருபில்தான் நடக்கிறது. 'அவர் பாராசூட்டிலிருந்து குதித்தார்' என்று எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். பஸ்ஸிலிருந்து குதித்தார் என்றால் பஸ்ஸை விட்டுக் குதித்தார். அதே கணக்கில் இது பாராசூட்டை விட்டுக் குதித்தார் என்றாகிறது. அப்படிக் குதித்தால் உயிர் மிஞ்சாது. எதை விட்டாரோ அதற்கு 'இருந்து', எதில் வந்தாரோ அதற்கு 'இல்': விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தார். இன்னும் தெளிவு வேண்டுமென்றால் 'பாராசூட் கட்டிக்கொண்டு குதித்தார்' என்று எழுதுங்கள். இதைப் படித்துவிட்டு யாரும் குழம்ப மாட்டார்கள். 'பாராசூட் மூலம்' நாளிதழ் நடை. பொருள்களுக்கு நன்றாகப் பொருந்தும், ஆட்களுக்குக் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். 'பாராசூட்டோடு விழுந்தார்' என்றால் அது வேறு செய்தி: பாராசூட் உதவவில்லை என்று அர்த்தம்.

போய்ச் சேர்ந்த இடத்துக்கும் 'இல்' போதும். கடலில் குதித்தார், வயலில் இறங்கினார். 'கடலுக்குக் குதித்தார்' என்பது ஆங்கிலத்தின் நிழல்.

குதி: அவர் எடுத்த முடிவு

குதித்தார் என்றால் அவராகக் கால் எடுத்தார். பயிற்சி, சாகசம், போர் எதுவானாலும், கதவருகே நின்று தன் உடம்பை வெளியே கொடுத்தவர் அவர். எனவே இதற்குச் செயப்பாட்டு வினை கிடையாது. 'வீரர்கள் குதிக்கப்பட்டனர்' என்று ஒருபோதும் எழுதாதீர்கள். பயிற்சியாளர் சொல்லிக் குதித்திருந்தால் 'குதிக்கச் சொன்னார்', 'குதிக்க வைத்தார்'.

மலையில் எழுதுகிறவர் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இங்கே 'குதித்தார்' என்ற சொல் தனியாக வந்தால் காதில் விழுவது வேறு. கொடைக்கானலில் இன்று பசுமைப் பள்ளத்தாக்கு என்று சொல்லப்படும் காட்சி முனைக்கு முன்பு தற்கொலை முனை என்று பெயர் இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். 'மலை உச்சியிலிருந்து குதித்த இளைஞர்' என்று தலைப்பு வைத்துவிட்டு, உள்ளே பாராசூட் பயிற்சி என்று எழுதினால், அந்த வரியை முதலில் பார்க்கும் ஏதோ ஒரு வீட்டில் நெஞ்சு பதறும். அதனால் விதியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: தலைப்பிலும் முதல் வரியிலும் 'குதி' வருமானால், அதே வரியில் பாராசூட்டும் வர வேண்டும். இடம் போதவில்லை என்றால் வினையை மாற்றுங்கள், பாராசூட்டை வெட்டாதீர்கள்.

தாவு, பாய் இரண்டும் குதிக்கு மாற்று அல்ல. தாவுவது ஓர் இடத்திலிருந்து இன்னொன்றைப் பற்றுவதற்கு: குரங்கு கிளைக்குக் கிளை தாவும், ஆள் கட்சி தாவுவார். பாய்வதில் வேகமும் குறியும் உண்டு, சிறுத்தை பாயும். விமானத்திலிருந்து தாவினார் என்றால் பக்கத்தில் இன்னொரு விமானம் இருந்ததா என்று கேட்கத் தோன்றும்.

பாராகிளைடிங்கை இதோடு கலக்க வேண்டாம். அங்கே துணி சரிவிலேயே விரிந்துவிடும், ஆள் ஓடிப்போய் மேலெழும்புவார். அவர் குதிப்பதில்லை, பறக்கிறார். வினையும் அதுவே: பறந்தார்.

இறங்கு, இறக்கு: ஒரு க் செய்யும் வேலை

இந்த ஜோடியை மலையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் போகிறவர் 'கீழ இறங்குறேன்' என்கிறார். சாயங்காலம் நாலு மணிக்கு 'மேகம் இறங்கிடுச்சு' என்கிறோம். பஸ்ஸில் கண்டக்டர் பாதி வழியில் 'இறக்கி விட்டுட்டார்' என்று புகார் சொல்கிறோம். இறங்கினேன் என்றால் நானாக. இறக்கினார்கள் என்றால் இன்னொருவர் முடிவு. வானத்திலும் இதே இலக்கணம்தான்.

1971 போரில், டிசம்பர் 11 அன்று, இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் டாங்கைலில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். இந்திய ராணுவத்தின் 2ஆவது பாராசூட் பட்டாலியன் அங்கே விமானங்களிலிருந்து வந்து சேர்ந்தது. படைத் தலைமையின் பார்வையில் எழுதினால் 'டாங்கைலில் ஒரு பட்டாலியன் இறக்கப்பட்டது'. கதவருகே நின்ற வீரரின் பார்வையில் எழுதினால் 'நாங்கள் குதித்தோம்'. தரையில் நின்று பார்த்த ஊர்க்காரரின் பார்வையில் 'வானத்திலிருந்து பட்டாளம் இறங்கியது'. மூன்றும் சரி. ஒரே பத்தியில் மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுவதுதான் தவறு. யார் கண்ணால் பார்க்கிறோம் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு, பத்தி முடியும்வரை அங்கேயே நில்லுங்கள். பேட்டி எடுத்தவரின் அனுபவத்தை எழுதும்போது 'இறக்கப்பட்டார்' என்று போட்டால் அவர் காட்டிய துணிச்சல் காணாமல் போய்விடும். அவரைச் சரக்காக ஆக்கியது போலிருக்கும்.

குதி, இறங்கு இரண்டில் எது என்ற சந்தேகம் வந்தால் 1797 அக்டோபர் 22ஆம் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று பாரிஸில் கார்னெரன் என்பவர் பலூனில் மேலே போய்ப் பாராசூட்டில் வந்தார். அவர் குதித்தார் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் அவர் பாராசூட்டுக்குக் கீழே கட்டிய கூடையில் நின்றிருந்தார். பலூனோடு பிணைத்திருந்த கயிற்றை அறுத்தார். உச்சியில் காற்றுப் போக ஓட்டை இல்லாத துணி என்பதால் கூடை ஊஞ்சலாக ஆடியபடி வந்தது. கால் எடுத்து வெளியே வைக்காதவர் குதிக்கவில்லை. கயிற்றை அறுத்து இறங்கினார் என்பதே சரி.

தரையிறங்கு என்ற கூட்டு வினையை எல்லா இடத்திலும் போட்டுவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. 2025 மார்ச்சில் சுனிதா வில்லியம்ஸ் வந்த கலம் நான்கு பெரிய பாராசூட்டுகளில் புளோரிடா பக்கம் கடலில் வந்து சேர்ந்தது. அதற்குக் 'கடலில் தரையிறங்கியது' என்று போடுவது ஒன்றையொன்று அடிக்கிறது; 'கடலில் இறங்கியது' போதும். 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்த ககன்யான் சோதனையிலும் கலம் பாராசூட்டுகளில் வங்கக் கடலில் இறங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் தரையிறங்கியதுதான், தரை இருந்தது. ஆனால் அங்கே பாராசூட்டை எழுதிவிடாதீர்கள். நிலவில் காற்று இல்லை, துணியை விரிக்க ஒன்றும் இல்லை. எஞ்சினை எதிர்த்திசையில் இயக்கித்தான் வேகத்தைக் குறைத்தார்கள்.

போடு: சரக்குக்கு மட்டும்

1987 ஜூன் 4 அன்று ஐந்து ஏஎன்-32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொருள்களைப் போட்டன. இந்திய அரசு அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயரே தமிழ்ப் பெயர், பூமாலை. இதற்கு இயல்பான வினை போடு: பொட்டலம் போட்டார்கள், நிவாரணப் பொருள்கள் போடப்பட்டன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி பக்கம் ஹெலிகாப்டர்களிலிருந்து பொட்டலங்கள் போடப்பட்டபோதும் மக்கள் வாயில் வந்தது இதே வினைதான்.

இந்த வினையை எழுதும்போது செயப்படுபொருளை விடாதீர்கள். 'விமானத்திலிருந்து போட்டார்கள்' என்று மொட்டையாக எழுதினால் முதலில் நினைவுக்கு வருவது குண்டு. அரிசியா, மருந்தா, குண்டா என்பதை வினைக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். பூவாக இருந்தால் தூவினார்கள், தண்ணீராக இருந்தால் கொட்டினார்கள். குன்னூர் பக்கக் காட்டுத்தீயில் ஹெலிகாப்டர் வாளியிலிருந்து தண்ணீர் 'போட்டது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆட்களும் சரக்கும் ஒரே விமானத்தில் வந்தால் வாக்கியத்தைப் பிரித்துவிடுங்கள். 'வீரர்களும் ஜீப்களும் இறக்கப்பட்டனர்' என்றால் ஜீப்புக்கு உயர்திணை வந்துவிடுகிறது. 'வீரர்கள் குதித்தனர், ஜீப்கள் தனியாகப் பாராசூட் மூலம் இறக்கப்பட்டன' என்று இரண்டாக்கினால் திணையும் சரியாகும், காட்சியும் தெளியும்.

விரி: இங்கேதான் கவனம் தேவை

மற்ற வினைகளில் பிழை வந்தால் நடை கெடும். இதில் பிழை வந்தால் ஒருவர் மேல் பழி விழும்.

விரி என்ற வினை இரண்டு வகையில் வரும். தானாக நடப்பது: விரிகிறது, விரிந்தது, விரியும், விரியவில்லை. ஒருவர் செய்வது: விரிக்கிறார், விரித்தார், விரிப்பார், விரிக்கவில்லை. பாராசூட் விரியவில்லை என்றால் துணி விரியவில்லை, அவ்வளவுதான். பாராசூட்டை விரிக்கவில்லை என்றால் அவர் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. இறந்துபோனவரைப் பற்றி எழுதும்போது இந்த ஒரு மாற்றம் அவர் குடும்பத்தின் முன்னால் வைக்கும் குற்றச்சாட்டு. காரணம் தெரியும்வரை 'விரியவில்லை' என்பதோடு நின்று, ஏன் என்பது விசாரணையில் இருக்கிறது என்று அடுத்த வரியில் எழுதுங்கள்.

பேச்சில் இதே வேறுபாட்டை 'ஓப்பன் ஆகலை', 'ஓப்பன் பண்ணலை' என்று கேட்கலாம். ஆகு, பண்ணு இரண்டும் இந்த வேலையைத் துல்லியமாகச் செய்கின்றன. பேட்டி கொடுப்பவர் எதைச் சொன்னார் என்று காது கொடுத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் ஆகலை என்று சொன்னதை நீங்கள் விரிக்கவில்லை என்று எழுத்துநடைக்கு மாற்றிவிட்டால் அவர் சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும். 'திற' என்ற வினையை நான் இந்த இடத்தில் பரிந்துரைக்க மாட்டேன். கதவு திறந்தது, கதவைத் திறந்தான் என்று இரண்டு பக்கமும் ஒரே வடிவம் ஓடுவதால், பாராசூட் திறக்கவில்லை என்ற வரியில் தவறு துணியுடையதா, ஆளுடையதா என்பது மங்கலாகவே நிற்கும்.

விரிந்ததா, விரித்தாரா என்பதை முடிவுசெய்ய ஒரு தொழில்நுட்ப விவரம் தெரிந்தால் போதும். ராணுவத்தில் கூட்டமாகக் குதிக்கும்போது ஒவ்வொருவர் பையிலிருந்தும் ஒரு கயிறு விமானத்துக்குள் ஓடும் கம்பியில் மாட்டியிருக்கும். வீரர் வெளியே போனதும் அந்தக் கயிறு இறுகிப் பையைப் பிரித்துத் துணியை இழுத்துவிடும். மூன்று நான்கு விநாடியில் துணி நிறைந்துவிடும். அவர் எதையும் இழுப்பதில்லை. எனவே இந்த வகைக் குதிப்பில் முதன்மைப் பாராசூட்டுக்கு 'விரிந்தது' மட்டுமே சரி; 'விரித்தார்' என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். உயரம் 1,000 அடி, 1,250 அடி என்ற கணக்கில் இருக்கும். வட்டப் பாராசூட் விநாடிக்கு ஐந்து ஆறு மீட்டர் வேகத்தில் இறங்குவதால், மொத்தப் பயணமே ஒரு நிமிடத்தைச் சுற்றித்தான். 'நீண்ட நேரம் வானில் மிதந்தார்' என்று இங்கே அலங்காரம் வைக்காதீர்கள்.

விளையாட்டாகக் குதிக்கும் ஸ்கைடைவிங்கில் கதை வேறு. 10,000 முதல் 13,000 அடி உயரத்தில் குதித்து, மணிக்கு 200 கிலோமீட்டர் அளவு வேகத்தில் 40 விநாடியிலிருந்து ஒரு நிமிடம்வரை கீழே வந்து, பிறகு தன் கையால் பாராசூட்டை விரிப்பார்கள். இங்கே 'விரித்தார்' சரி. அந்த இடைப்பட்ட நேரத்துக்கு வினை தேடுவதுதான் சிரமம். அறிவியல்படி அவர் விழுகிறார். ஆனால் தமிழில் 'விழுந்தார்' என்று வாக்கியத்தை முடித்தால் விபத்து ஆகிவிடும். முற்றுவினையாக வைக்காமல் எச்சமாக வையுங்கள்: 'ஒரு நிமிடம் காற்றில் விழுந்தபடி வந்தவர், 4,000 அடியில் பாராசூட்டை விரித்தார்.' விழுதல் நடந்தது, விபத்து நடக்கவில்லை என்று இரண்டும் ஒரே வரியில் வந்துவிடும்.

கோளாறு ஏற்பட்டிருந்தால் அது எந்தக் கட்டத்தில் என்று கேளுங்கள். பையை விட்டுத் துணி வெளியே வரவே இல்லையா? வெளியே வந்து, காற்று நிறையாமல் கந்தல் போலப் படபடத்ததா? விரிந்த துணிக்கு மேல் ஒரு கயிறு விழுந்து பாதியாகப் பிரித்துவிட்டதா? துணி சரியாக விரிந்து, கயிறுகள் மட்டும் முறுக்கிக்கொண்டனவா? கடைசி வகையில் கால்களை உதைத்து உடம்பைச் சுற்றினால் முறுக்கு பிரிந்துவிடும். அதைப் போய் 'பாராசூட் விரியவில்லை' என்று எழுதுவது தவறு. விளையாட்டுக் குதிப்பில் இருப்பவர் முதன்மைப் பாராசூட்டைக் கழற்றிவிட்டு, ஆபத்துக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பாராசூட்டான ரிசர்வை விரித்திருந்தால், அந்த இரண்டையும் அதே வரிசையில் எழுதுங்கள். கழற்றாமல் விரித்தால் இரண்டு துணியும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால்தான் அந்த வரிசை. குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இன்னும் வேகமாக வந்துகொண்டிருந்தால் ரிசர்வைத் தானே விடுவிக்கும் கருவியும் உண்டு. அது வேலை செய்திருந்தால் மறுபடியும் 'விரிந்தது', அவர் விரிக்கவில்லை.

மரத்தில் சிக்கியவரைப் பற்றி எழுதும்போது 'தொங்கினார்' என்பதைத் தனியாக விடாதீர்கள். 'சில்வர் ஓக் மரத்தில் பாராசூட் சிக்கி, வீரர் அந்தரத்தில் தொங்கினார்' என்று சிக்கியது எது என்பதை முன்னால் வையுங்கள். காரணம் 'குதி'க்குச் சொன்னதேதான்.

உயிர் தப்ப வெளியேறுவது

விமானி ஆபத்தில் விமானத்தை விட்டுப்போனால், பழைய விமானங்களில் அவர் நிஜமாகவே குதித்தார்: 'விமானத்திலிருந்து குதித்து உயிர் தப்பினார்.' இன்றைய போர் விமானத்தில் அவர் குதிப்பதில்லை. கைப்பிடியை இழுத்தால் இருக்கையே ராக்கெட் விசையில் அவரோடு மேலே கிளம்பும். பிறகு இருக்கை கழன்றுபோய், பாராசூட் தானாக விரியும். 2019 பிப்ரவரி 27 அன்று மிக்-21 விமானத்திலிருந்து அபிநந்தன் வந்தது இப்படித்தான். 'இருக்கையோடு வெளியேறி, பாராசூட்டில் இறங்கினார்' என்பதே நடந்ததற்குப் பொருந்தும். குதித்தார் என்ற வினை பொய்யில்லை என்று வாதிடலாம். ஆனால் அந்த விசையில் முதுகெலும்பில் காயம் படக்கூடும் என்பதை வாசகர் புரிந்துகொள்ள அது உதவாது.

2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் விபத்துக்குள்ளானது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒரு வாரம் சிகிச்சையில் இருந்த பிறகு இறந்தார். அவர்கள் ஏன் பாராசூட்டில் குதிக்கவில்லை என்ற கேள்வி இன்றும் டீக்கடைகளில் வரும். எழுதுகிறவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். ஆட்களை ஏற்றிச்செல்லும் ஹெலிகாப்டரில் பயணிகளுக்குப் பாராசூட் கொடுப்பதில்லை. மரங்களை ஒட்டிய உயரத்தில் பறக்கும்போது பாராசூட் விரிய உயரமும் போதாது. 'குதிக்காமல் இறந்தனர்' என்பது போன்ற வரி அவர்களுக்கு இல்லாத ஒரு வாய்ப்பை இருந்ததாகக் காட்டிவிடும்.

அங்கே இன்னொரு வினையும் கவனத்துக்கு உரியது. எல்லோரும் 'விழுந்து நொறுங்கியது' என்று எழுதினோம். விழுந்தது என்றால் எந்திரம் கைவிட்டது என்று பொருள்படும். விசாரணையில் எந்திரக் கோளாறு இல்லை என்றார்கள். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததில் விமானிக்குத் திசையுணர்வு தப்பி, ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே நிலத்தில் இடித்தது என்றார்கள். அதற்கு வினை 'மோதியது'. அந்த நாளைப் பற்றி இனி எழுதும்போது அதையே எழுதலாம்.

உருவகமாக வரும்போது

ஆங்கிலத்தில் ஒருவரைத் தொகுதியிலோ பதவியிலோ 'பாராசூட்' செய்தார்கள் என்றால், சம்பந்தமில்லாத இடத்தில் மேலிடம் கொண்டுவந்து வைத்தது என்று பொருள். தமிழில் அதற்கு இறக்குமதி வேட்பாளர் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அலுவலகத்திலோ எஸ்டேட்டிலோ நடந்தால் 'தலைக்கு மேல் ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்' என்கிறோம். இவற்றை எடுங்கள்.

'வானத்திலிருந்து குதித்தவர்' என்று மட்டும் மொழிபெயர்த்துவிடாதீர்கள். 'இவன் என்ன வானத்துல இருந்து குதிச்சவனா?' என்றால் தமிழில் தன்னைப் பெரிய ஆளாக நினைக்கிறானா என்ற கேள்வி. வெளியூர்க்காரர் என்ற பொருள் அதில் துளியும் இல்லை. 'தேர்தல் களத்தில் குதித்தார்' என்பதும் நேர் எதிர். அது அவராக எடுத்த முடிவு. கட்சி நிறுத்தியிருந்தால் 'களமிறக்கியது'. குதி, இறக்கு இரண்டும் அரசியலுக்குப் போனாலும் தங்கள் குணத்தை விடுவதில்லை.

எழுதும் முன் கேட்க வேண்டியவை, ஒரு மாதிரியோடு

பேட்டிக்குப் போகிறவர் இவற்றைக் கேட்டுக்கொண்டு வந்தால் வினை தானாக அமைந்துவிடும்: எந்த விமானம், எத்தனை அடி? கயிறு விமானத்தில் மாட்டியதா, கையால் இழுத்ததா? ரிசர்வ் தேவைப்பட்டதா? எங்கே இறங்கினார், நிலமா, நீரா, மரமா? கூடவே ஒன்று: 'நீங்களாகப் போனீர்களா, அனுப்பினார்களா?' ஓய்வுபெற்றவர்கள் ஜம்ப் என்றே சொல்வார்கள். மேற்கோளுக்குள் அதை அப்படியே விடுங்கள், திருத்தாதீர்கள்.

கற்பனையாக ஒரு குறிப்பு எந்திர மொழிபெயர்ப்பில் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்: 'பயிற்சியின்போது 40 வீரர்கள் விமானத்திலிருந்து பாராசூட் செய்யப்பட்டனர். ஒரு வீரரின் பாராசூட் திறக்கத் தவறியது. அவர் தனது இருப்புப் பாராசூட்டை வரிசைப்படுத்திப் பாதுகாப்பாக ஏரியில் தரையிறங்கினார்.'

முதல் வரியில் முடிவு வீரர்களுடையது, எனவே குதித்தனர். 'திறக்கத் தவறியது' ஆங்கில வார்ப்பு, விரியவில்லை. கயிறு விமானத்தில் மாட்டிய வகை என்று கேட்டுத் தெரிந்துகொண்டதால் அவர் மேல் பழி இல்லை. 'வரிசைப்படுத்தி' என்பது deploy என்ற ஆங்கிலச் சொல்லை எந்திரம் வேறொரு பொருளில் எடுத்ததால் வந்தது. ரிசர்வை அவர் கையால் இழுத்தார், எனவே விரித்தார். ஏரியில் தரை இல்லை. 'பாதுகாப்பாக' என்பதற்குக் காயம் உண்டா இல்லையா என்று விசாரித்து எழுதுவது மேல்.

திருத்திய வடிவம்: 'பயிற்சியில் 40 வீரர்கள் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தனர். அவர்களில் ஒருவரின் பாராசூட் விரியவில்லை. அவர் உடனே மார்பில் கட்டியிருந்த ரிசர்வ் பாராசூட்டை விரித்து ஏரியில் இறங்கினார். படகில் சென்றவர்கள் அவரைக் கரைசேர்த்தனர். அவருக்குக் காயம் இல்லை.'